ஹார்ட் என்றே சொல்

"ஹார்ட்டுங்க. தூக்கத்துலயே போயிட்டாரு. ஒரு கஷ்டமும் படல" என்று வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி சொன்னான். கண்ணில் தண்ணீர் வேறு.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா பல்லைக் கடித்தாள். தூக்கமாம்! அவர் அலறிய அலறலில் பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் இப்போது எதிரே நின்று, "கொடுத்து வெச்ச சாவு" என்று தலையாட்டுகிறார்கள். த்தூ.

அப்பா மருந்துக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த மனுஷன், ஆணுறுப்பில் வந்த புண்ணுக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். எழுபது வயசில் இதைப் போய் யாரிடம் காட்டுவது என்ற வெட்கம். கடையிலிருந்த களிம்பையெல்லாம் பூசினார், நாற்றத்துக்குப் பவுடர் கொட்டினார். படுக்கை விரிப்பில் சீழைப் பார்த்து மகள் கண்டுபிடிப்பதற்குள் புற்று தொடை இடுக்கைத் தாண்டிவிட்டது. அப்புறம் தினமும் அவள்தான் துடைத்துக் கட்டுப் போட்டாள். அந்த வாடைகூட அவளுக்குப் பழகிப்போயிற்று. தம்பியின் வாய்தான் பழகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இது ஒரு வைரஸால வந்திருக்கு. வருஷக்கணக்கா சத்தமில்லாம உடம்புல கிடக்கும். அம்மாவுக்கும் இருக்கலாம். வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. கர்ப்பப்பை வாயை ஒரு தடவை பார்த்துடணும்."

வெளியே வந்ததும் தம்பி சீறினான். "சீ! இந்த வயசுல அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறதா? அப்பா எங்கெங்க போனாரோன்னு ஊரே பேசும். மானம் கப்பலேறிடும்." அப்பா உயிரோடு இருக்கிறவரை அம்மாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டான். அவளும் செய்து தொலைத்தாள்.

வண்டி வந்தது. ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தம்பி போகிற போக்கில் அவள் காதருகே குனிந்தான். "யார் கேட்டாலும் ஹார்ட்டுதான். புரியுதாக்கா?"

"அப்பா போயாச்சுடா" என்றாள் அவள்.

அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அம்மா உள்ளறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஹார்ட் இல்ல."

"பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதாடி?"

டாக்டரம்மா சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அம்மா மெத்தைத் தையலை நகத்தால் நிமிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ எனக்குப் படறதும் அதுதானா?"

"என்ன படுது?"

"கறை. எல்லாம் நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப மறுபடியும். உன் தம்பிகிட்ட சொன்னேனே."

"எப்போ?"

"அப்பாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தீங்களே, மறுநாளே. முகத்தைத் திருப்பிக்கிட்டான். சாயங்காலம் களிம்பு ஒண்ணு கொண்டுவந்து தலகாணிக்கு அடியில வெச்சிட்டுப் போனான். யாராவது பார்த்தா மூட்டுவலிக்குன்னு சொல்லச் சொன்னான்."

மறுநாள். டாக்டரம்மா பேச்சைக் காதால் கேட்டுவிட்டு வந்த மறுநாள்! அவள் குளியலறைக்கு ஓடினாள். இத்தனை மாதம் அந்தப் புண்ணைத் துடைக்கும்போது வராத வாந்தியெல்லாம் சேர்ந்து வந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளித்தாள். தம்பியின் கன்னத்தில் நாலு அறை விட வேண்டும்போல் கை பரபரத்தது.

திரும்பி வந்தபோது அம்மா தலையைக் கோதி முடிந்துகொண்டிருந்தாள்.

"அந்த டாக்டரம்மா இன்னைக்கு இருப்பாங்களா?"

"இன்னைக்கேவா? வெளியில எல்லாரும் இருக்காங்களேம்மா."

"இருக்கட்டும்."

கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா பதறி எழுந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "கீழ ரத்தம் போகுது. அவருக்கும் அங்கதான் புத்து. காட்டிட்டு வர்றேன்."

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் அம்மா காலால் தன்னுடையதைத் துழாவினாள். ஒன்றுதான் அகப்பட்டது. பக்கத்து வீட்டம்மா வந்து குனிந்து, தலை நிமிராமல், மற்றதைத் தேட ஆரம்பித்தாள்.