குறைந்த விலை போட்டவள்

நகராட்சிப் பள்ளிகளுக்கு பெஞ்சு வாங்கும் டெண்டர் யாருக்கு என்பது ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும். நகராட்சித் தலைவரின் மச்சானுக்கு. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே, அதற்கு மூன்று பேர் விலை போட வேண்டும். மற்ற இரண்டு பேரையும் கூடுதல் விலையோடு படைக்கும் கைங்கரியம் டெண்டர் கிளார்க்குடையது. அந்த மகானுபாவர் ஒரு கம்பெனிக்குத் தன் மனைவியையே முதலாளியாக்கி, அவள் கையெழுத்தையும் தானே போட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

உறைகளைப் பிரித்தபோது தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பேசிவைத்த விலை போதாதென்று மச்சான் கடைசி நேரத்தில் ஏற்றிப் போட்டிருந்தார். இப்போது கிளார்க்கின் மனைவி விலைதான் குறைவு. எதிர்க்கட்சிக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்ததால், டெண்டரை அவளுக்கே கொடுக்க வேண்டியதாயிற்று.

கிளார்க் வியர்த்து விறுவிறுத்துத் தலைவர் அறைக்கு ஓடினார்.

"என்னய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று தலைவர் சிரித்தார். "பணத்தை உன் சம்சாரம் பேர்ல வாங்கி மச்சான் கையில குடு. பெஞ்சை அவன் பாத்துப்பான்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பணம் போனது, பெஞ்சு வரவில்லை. வந்து இறங்கியதாக ஸ்டோர் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து முதுகு வளையப் படித்தார்கள்.

தணிக்கைக்காரர்கள் மோப்பம் பிடித்ததும் தலைவர் முந்திக்கொண்டார். ஊழலை வேரோடு பிடுங்குவேன் என்று மைக்கில் முழங்கிவிட்டு, போலீசில் புகாரும் கொடுத்தார். புகாரில் மச்சான் பேரா இருக்கும்? கம்பெனி முதலாளி பேர்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கம்பெனியா? என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று புருஷனைப் பார்த்தாள். பைத்தியக்காரி, அப்போதும் அவரைத்தான் நம்பினாள்.

இன்ஸ்பெக்டர் டெண்டர் தாளைக் கிளார்க்கிடம் நீட்டினார். "இது யார் கையெழுத்து?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். சொல்லாவிட்டால் அவள் போவாள். கிளார்க் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல்முறை பார்ப்பவர் போல் தாளைப் பார்த்தார்.

"அவ கையெழுத்துதான் சார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவள் மடித்துக்கொண்டிருந்த அவர் சட்டையைக் கீழே போட்டாள்.

"ரெண்டு வெள்ளைத் தாள் எடுங்க சார். அந்தக் கையெழுத்துல இருக்கற பேரை நான் ஒண்ணுல எழுதறேன். இன்னொண்ணுல இவரை எழுதச் சொல்லுங்க."