திருடன் இல்லாத பலகை

அந்தப் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு இயற்பியலை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பாதிப்பாதியாகப் பங்கு போட்டு நடத்திக்கொண்டிருந்தார்கள். கப்பி, சாய்தளம், உராய்வு, உந்தம் எல்லாம் சாருக்கு. மின்னோட்டம், மின்தடை, மின்தேக்கி எல்லாம் டீச்சருக்கு. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவருக்குக் கப்பி சார் என்றும் டீச்சருக்குக் கரண்ட் டீச்சர் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். அது இருவர் காதிலும் விழுந்து பல வருஷமாகிறது. வீட்டில் வாக்குவாதம் வந்தால் டீச்சரே சொல்வார்: "ரெண்டு பக்கமும் ஒண்ணா இறங்கணும்னு அடம்பிடிக்கிற கப்பியை இப்பத்தான் பாக்கறேன்." அதற்கு மேல் சாரால் கோபமாக இருக்க முடியாது.

சார் பாடம் நடத்துவது செங்கல் அடுக்குவது மாதிரி. ஒன்றின் மேல் ஒன்று, கோணல் இருக்காது, சுவாரசியமும் இருக்காது. டீச்சர் அப்படியில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போடுவார். ஒன்றே ஒன்று. அதற்குத் திருடன் என்று பெயர். கிலோ ஓமில் கிலோவை விழுங்கிவிடுவார். மின்சுற்றைச் சுற்றி வரும்போது ஒரு பேட்டரியின் பிளஸ்ஸை மைனஸ் ஆக்கிவிடுவார். அம்மீட்டரைத் தொடராக மாட்டுவதற்குப் பதில் பக்க இணைப்பில் மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி திரும்பி நிற்பார். பாடம் முடியும் வரை யாரும் மூச்சு விடக்கூடாது. கடைசியில் சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "எங்கே, திருடனைப் பிடிங்க பாக்கலாம்" என்பார். வகுப்பே அமளிதுமளிப்படும்.

"பரீட்சையில உங்க தப்பை யாரும் பக்கத்துல வந்து சொல்லமாட்டாங்க," என்பது டீச்சரின் வாதம். "என் தப்பைப் பிடிச்சுப் பழகினா உங்க தப்பும் தானா மாட்டும்."

மாட்டத்தான் செய்தது. கரண்ட் பாடத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண் இழந்ததாகச் சரித்திரமே இல்லை. கப்பியில்தான் இழப்பார்கள். சாருக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, நிறையப் பெருமை உண்டு.

வகுப்பறையை ஒட்டியே ஆய்வுக்கூடம். நடுவில் ஒரு மரக்கதவு, எப்போதும் பாதி திறந்திருக்கும். டீச்சர் பாடம் நடத்தும் நேரங்களில் சார் அங்கே எடைக்கற்களைத் துடைத்துக்கொண்டோ, சுருள்வில்லைச் சரிபார்த்துக்கொண்டோ இருப்பார். காது மட்டும் வகுப்பில் இருக்கும். எவ்வளவோ வருஷமாகக் கேட்கிற குரல்தான். இருந்தாலும் மனுஷன் கேட்பார்.

வருஷத்தின் தொடக்கத்தில் ஒருநாள் வகுப்பிலிருந்து வழக்கத்தை விடப் பெரிய ஆரவாரம் கேட்டது. மணி அடித்ததும் டீச்சர் ஆய்வுக்கூடத்துக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னிக்கு மூணு திருடனாம். டீச்சர் தாராளமாயிட்டாங்கன்னு ஒரே கொண்டாட்டம்."

"மூணு வச்சியா?"

"ஒண்ணுதான் வச்சேன்," என்றார் டீச்சர். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை.

"தூக்கம் பத்தலை உனக்கு. அதான்," என்று சார் அடித்துச் சொன்னார். எடைக்கல்லைத் துடைத்த இடத்திலேயே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு, நான்கு, ஒருநாள் ஒன்று, மறுபடி மூன்று என்று திருடர்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு ஏக குஷி. டீச்சர் விளையாட்டைக் கஷ்டமாக்கிவிட்டார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வேறு எந்த வகுப்பாயிருந்தாலும் முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இங்கே தப்பே வழக்கமாகிப்போனதால், தப்பு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு ஆளுக்கு மட்டும் வந்தது. ஆறு ஓமையும் மூன்று ஓமையும் பக்க இணைப்பில் போட்டு ஒன்பது என்று தன் மனைவி சொல்வதை அவர் காதால் கேட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு என்று சொல்லக்கூடிய மனுஷி.

டாக்டரிடம் போகலாம் என்று வாய் வரைக்கும் வரும். பரீட்சை முடியட்டும் என்று விழுங்கிவிடுவார். சொன்னால் என்ன ஆகும்? தலைமையாசிரியர் நல்லவர்தான், ஆனால் பரீட்சை எழுதும் வகுப்பை டீச்சரிடம் விட்டுவைக்க மாட்டார். இந்த வகுப்பு போனால் டீச்சர் உடைந்துபோவார். இந்த ஒரு வருஷத்தை மானமாகக் கடத்திவிட வேண்டும், அவளுக்குத் தெரியாமலேயே கடத்திவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நல்ல எண்ணத்தோடு மனுஷர் எவ்வளவு பெரிய வேண்டாத வேலையும் செய்வார்கள்.

ஒருநாள் டீச்சர் சீக்கிரம் வீட்டுக்குப் போன மதியம், சார் தன் கப்பிப் பாடத்தை மூடிவைத்துவிட்டு வகுப்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"டீச்சருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. பலகையில வர்ற தப்பு எல்லாமே அவங்க வைக்கிறது இல்ல."

முன்வரிசையில் கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் பெண், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். திருடனை முதலில் பிடிப்பது எப்போதும் அவள்தான்.

"அவங்களுக்குத் தெரியவேண்டாம். தினம் ஒரு திருடனை மட்டும் பிடிங்க. ஒண்ணு போதும். மிச்சத்தை எங்கிட்ட கொண்டாங்க, நான் சரியாச் சொல்லித்தரேன். பாடம் உங்களுக்குக் குறையாது. அதுக்கு நான் பொறுப்பு."

பின்வரிசையில் வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்தன் எழுந்தான். வாயாடிக்கே அன்றைக்குக் குரல் கம்மியிருந்தது.

"அது டீச்சர்கிட்ட பொய் சொல்ற மாதிரி இல்லையா சார்?"

"இல்லப்பா. பாதியைச் சொல்லாம விடறது பொய் ஆகாது."

கணக்கில் அரை மதிப்பெண்ணுக்கு உயிரை வாங்குகிற மனுஷர் சொன்ன பதில் இது. சொன்ன பிறகு அவருக்கே நெஞ்சில் என்னவோ உறுத்தியது. ஆனால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டார்கள்.

ஏற்பாடு நன்றாகவே ஓடியது. டீச்சர் கையைத் தட்டிக்கொண்டு திருடனைக் கேட்பார். யாராவது ஒருவர் எழுந்து, டீச்சர் வழக்கமாக வைக்கிற ஜாதியில் சின்னதாக ஒன்றைப் பார்த்துப் பிடித்துக் கொடுப்பார்கள். "கெட்டிக்காரி" என்பார் டீச்சர். அடுத்த நாள் சாரின் வகுப்பில் பாதி நேரம் கரண்ட் ஓடும். கப்பிகள் பாவம், பெட்டியிலேயே கிடந்தன. வாயாடி கூட வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வயசில் அத்தனை பேர் சேர்ந்து ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா?

சாருக்கு ஆச்சரியமாக இருந்தது டீச்சரின் முகம்தான். சில நாளிலேயே தெளிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது பழையபடி கிண்டல் செய்தார். நடுவில் "இன்னிக்கு எல்லாம் சரியாத்தானே போட்டேன்?" என்று கேட்பார், "சரி" என்பார் சார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். வெளியூரில் இருக்கும் மகளோடு போனில் நேரம் போவது தெரியாமல் பேசினார். "அம்மா நல்லாத்தானேப்பா இருக்காங்க," என்றாள் மகள், சார் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுத பிறகு. "அப்படித்தான் இருக்கு," என்றார் அவர். தான் செய்தது சரி என்று அவருக்கு அப்போது தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மதியம் டீச்சர் பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, அதன் உள்மின்தடை ஒரு ஓம். வெளியே ஆறு ஓமும் மூன்று ஓமும் பக்க இணைப்பு, அதோடு தொடராக இன்னொரு மூன்று ஓம். கதவுக்கு இந்தப் பக்கம் சார் வழக்கம்போல ஒவ்வொரு வரியாகக் கூடவே போட்டுக்கொண்டு வந்தார். ஆறும் மூன்றும் சேர்ந்து இரண்டு. சரி. மொத்தம் ஆறு ஓம். சரி. மின்னோட்டம் இரண்டு ஆம்பியர். சரி. பேட்டரியின் முனைகளுக்கு இடையே பத்து வோல்ட். அதுவும் சரி. சார் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். ஒரு தப்புக் கூட இல்லை. வேண்டுமென்று வைக்கிற தப்பும் இல்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"எங்கே, திருடனைப் பிடிங்க பாக்கலாம்."

யாரும் எழவில்லை. பக்கங்கள் புரளும் சத்தம், யாரோ இருமும் சத்தம். பிள்ளைகள் மேலும் கீழும் தேடினார்கள். இல்லாததை எங்கே போய்த் தேடுவது? டீச்சர் காத்திருந்தார். தினம் ஒன்று பிடிக்கவேண்டும் என்பது சார் போட்ட கட்டளை. கடைசியில் கண்ணாடிதான் எழுந்தாள்.

"அந்தப் பத்து வோல்ட், டீச்சர். அது பன்னிரண்டு இல்லையா?"

டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உக்காரும்மா," என்றார் மெதுவாக. "மணி அடிக்கப்போகுது. எல்லாரும் கிளம்புங்க."

பிள்ளைகள் போன பிறகும் டீச்சர் பலகைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். சார் கதவைத் தாண்டி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே டீச்சர் கேட்டார்.

"எப்போலேர்ந்துங்க?"

"எது?"

"பேட்டரிக்குள்ளேயும் மின்தடை இருக்கு, அதுலயே ரெண்டு வோல்ட் போயிடும்னு மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே அந்தப் பொண்ணுதான். அவளுக்குத் தெரியாதா? பொய் சொல்லும்போது உங்க கதவைப் பாத்துச்சு."

இனி பூசி மெழுக ஒன்றுமில்லை. சார் எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே ஆரம்பித்தவர் பாதியில் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பரீட்சை முடியும் வரைக்கும்தான் என்றார். நீ மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான் செய்தேன் என்றார். பாடம் யாருக்கும் குறையவில்லை என்று கூடச் சொன்னார், அது ரொம்ப முக்கியம் போல.

"நம்ம பொண்ணுக்குத் தெரியுமா?"

சார் தலையாட்டினார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

டீச்சர் அழவில்லை. சேலை முனையால் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு, நாலுன்னு வந்தப்ப நான் பயந்துட்டேன். உங்ககிட்ட சொல்லலை, நீங்க தாங்கமாட்டீங்கன்னு. நானே போன் பண்ணி மூளை டாக்டர்கிட்ட நாள் வாங்கிவச்சேன். அப்புறம் பாத்தா பிள்ளைங்க தினம் ஒண்ணுதான் பிடிக்கறாங்க. நான் வைக்கிற ஒண்ணு. சரியாயிட்டேன்னு நினைச்சேன். அந்தச் சந்தோஷத்துல டாக்டரை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அந்தத் தெளிந்த முகம், அந்தக் கிண்டல், அந்தத் தூக்கம் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது சாருக்குப் புரிந்தது. எதை அவளிடமிருந்து மறைக்க வேண்டும் என்று அவர் அத்தனை பாடுபட்டாரோ அது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பொய் என்று நம்பவைத்தது அவர்தான். எத்தனை மாதம் போயிற்று என்று எண்ணிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கே போலாம்மா," என்றார். "நாளைக்கே."

"போலாம்," என்றார் டீச்சர். பிறகு பலகைப் பக்கம் கையை நீட்டினார். "இன்னிக்குத் திருடன் வைக்கறதையே மறந்துட்டேன். அது தெரியுது. ஆனா மிச்சம் சரியா போட்டிருக்கேனா? சொல்லுங்க."

சார் எழுந்துபோய் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து ஏற்கெனவே கேட்டுச் சரிபார்த்ததுதான். இருந்தாலும் மறுபடி பார்த்தார்.

"சரிம்மா. எல்லாமே சரி. சத்தியமாச் சொல்றேன்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் அவர் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பார்.

"நேத்து கேட்டப்பவும் சரின்னுதான் சொன்னீங்க," என்றார்.

அப்புறம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பலகைக்கு நெருக்கமாகப் போய், முதல் வரியில் விரலை வைத்து, தானே சரிபார்க்க ஆரம்பித்தார். உதடுகள் அசைந்தன. "ஆறும் மூணும்," என்று சொன்னார். விரல் அங்கேயே நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, திரும்ப அதே இடத்தில் நின்றார். இரண்டு என்று சொல்ல சார் வாயெடுத்தார். சொல்லி என்ன பிரயோஜனம், நம்பமாட்டாள். விரல் நகரட்டும் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.