தண்ணித்தொட்டி ஏசுபாதம்

போஸ்டரில் பசை இன்னும் காயவில்லை. தாம்பரம் மார்க்கெட் சுவரில், வளையல் கடைக்குப் பக்கத்தில், ஏசுபாதத்தின் பெயர் ஆறாவது வரியில் இருந்தது. 'மொழிப்போர் வெள்ளி விழாப் பொதுக்கூட்டம், 25-1-1990 மாலை 6 மணி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, தலைமை, முன்னிலை, வரவேற்புரை எல்லாம் முடிந்த பிறகு, 'வீர உரை: தண்ணீர்த்தொட்டி ஏசுபாதம்'. போன வருடம் எட்டாவது வரி. இரண்டு வரி ஏறியிருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பெயருக்குக் குறுக்கே வழிந்திருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

குரோம்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். வயது நாற்பத்து நான்கு. கம்பெனியில் அவரை ஒருவரும் மதிப்பதில்லை. ஆணி, பசை, நூல்கண்டு கணக்குக்கு என்ன மதிப்பு? ஆனால் ஜனவரி மாதம் பிறந்தால் அவர் வேறு ஆள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், குடியரசு தினத்தைத் துக்க நாளாக அனுசரித்த அந்த விடியற்காலையில், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துத் தண்ணித்தொட்டியின் உச்சியில் ஏறிக் கறுப்புக் கொடி கட்டியவர் அவர்தான் என்பது தாம்பரத்தில் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயருக்கு முன்னால் தொட்டி ஒட்டிக்கொண்டது அப்படித்தான். சர்ச்சில் அறிக்கை வாசிக்கிறவர்கூட ஒருமுறை வாய் தவறி 'தண்ணித்தொட்டி சகோதரர்' என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அடுத்த வீட்டுத் தபீதாள் அவருக்காகவே காத்திருந்தாள்.

"அண்ணா, உங்க தனசிங் வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில இருந்து குதிக்கப் போறானாம். எங்க வீட்டுப் பையன் சொன்னான். ஊரே பாக்கப் போவுதாம்."

மொட்டை மாடி என்றால் வீட்டு மொட்டை மாடி இல்லை. முடிச்சூர் தாண்டி, மூடிப்போன கல்குவாரி ஒன்று இருக்கிறது. மழைத் தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடக்கும். லீவு நாட்களில் பையன்கள் கூட்டமாகப் போய்ப் பாறையிலிருந்து குதிப்பார்கள். இருபதடி உயரத்தில் படிபோல ஒரு பாறை, அதற்கு முதல் மாடி என்று பெயர். நாற்பதில் இரண்டாம் மாடி. அதற்கு மேலே, எழுபதோ எண்பதோ, அளந்தவன் எவனும் இல்லை, அதுதான் மொட்டை மாடி. அங்கிருந்து இதுவரை ஒரே ஒருவன்தான் குதித்தான். தண்ணீருக்குள் விட்டுப்போன பழைய கல்லுடைக்கிற கிரஷர் மெஷின் கிடப்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருடமாகப் பல்லாவரத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறான்.

மகன் தனசிங் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தான். இருபது வயது, ஐ.டி.ஐ. முடித்தவன். பம்பாயில் கப்பல் கம்பெனி வேலைக்குப் போகவேண்டும் என்று சாயங்காலங்களில் இந்தி டியூஷன் போகிறான். ஏசுபாதத்துக்கு அது நெஞ்சில் முள். போன மாதம் அந்த இந்திப் புத்தகத்தை அவர் நடுவில் கிழித்தார். மனைவி பேபி உட்கார்ந்து சோற்றுப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தாள். அந்தப் புத்தகம் இப்போதும் கட்டில்மேல் கிடந்தது. ஏசுபாதத்துக்கு எல்லாக் கோபமும் ஒன்றாக வந்தது.

"எவனோ கை தட்டுவான்னு உயிரை விடுவியா? ஒரு கொள்கை இல்ல, ஒரு வெட்கம் இல்ல. உன் வயசுல நாங்க உயிரைப் பணயம் வெச்சோம்னா அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு."

தனசிங் துண்டைக் கொடியில் போட்டான். "நாங்கன்னா யாரு யாரு?"

"என்னடா கேக்குற?"

"இல்ல, நாங்க நாங்கன்றியே. தொட்டியில ஏறுனது குப்பன் மாமா. நீ கீழ நின்னே. போலீசு வந்ததும் விசில்கூட அடிக்காம ஓடிட்டே. எனக்கு ஆறாங்கிளாஸ்லயே தெரியும்ப்பா."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஏசுபாதம் ஓங்கி ஓர் அறை விட்டுத் தப்பித்திருப்பார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பேபிக்குக் கேட்டிருக்கும். அவருக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. ஆறாம் வகுப்பு என்றால் ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக இவன் ஒவ்வொரு ஜனவரியும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான், கை தட்டியிருக்கிறான், வீட்டுக்கு வந்து மேடையில் அவருக்குப் போர்த்திய சால்வையை மடித்து பீரோவில் வைத்திருக்கிறான்.

"நாளைக்கு மேடையில அதைச் சொல்லு," என்றான் தனசிங். "ஏறுனது குப்பன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் குவாரி பக்கமே போகமாட்டேன். அம்மா மேல சத்தியம். சொல்லலைன்னா, குதிக்காதன்னு எங்கிட்ட வந்து நிக்காத."

அவர் பொய்யை உட்கார்ந்து யோசித்துத் தயாரித்தவர் இல்லை. அதுதான் அவருக்கு இருந்த ஒரே சமாதானம். அறுபத்தைந்தில் அவர் காலேஜ் மாணவர், குப்பன் ஹாஸ்டல் மெஸ்ஸில் தண்ணீர் இறைக்கிறவன், அவர் வயதுதான். வேட்டியைக் கறுப்புச் சாயத்தில் முக்கியது ஏசுபாதம். ஏறுவதற்குப் பயம் என்று வெளியே சொல்லாமல், "உனக்குத்தான் மரம் ஏறிப் பழக்கம்" என்று சொன்னதும் ஏசுபாதம். குப்பன் சட்டை அழுக்காகிவிடும் என்று கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு இரும்பு ஏணியில் ஏறினான். யாராவது வந்தால் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கவேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். விரலை வாய் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வந்து நின்றபோதுதான் சட்டை கையில் இருந்தது தெரிந்தது. ஒரு கல்லை உள்ளே வைத்துச் சுருட்டித் தண்ணீரில் எறிந்தார்.

மத்தியானம் ஹாஸ்டலில் எல்லோரும் கொடியைப் பற்றியே பேசினார்கள். ஒருவன் அவர் விரல்களில் இருந்த கறுப்புச் சாயத்தைப் பார்த்துவிட்டு, "டேய், நீயா?" என்றான். ஏசுபாதம் சிரித்தார். அவ்வளவுதான், வெறும் சிரிப்பு. அதற்குள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். குப்பனைக் கொடி கட்டியவன் என்று எழுதினால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்று, தொட்டியின் பித்தளை வால்வைத் திருட ஏறியவன் என்று எழுதிக்கொண்டது போலீஸ். நான்கு நாள் அடித்ததில் இடது கணுக்கால் போனது. மெஸ் வேலையும் போனது. 'வால்வு திருடன்' என்ற பேர் மட்டும் போகவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனவர், குப்பன் இப்போது வைத்திருக்கிற சைக்கிள் ஸ்டாண்டுக்குள் சைக்கிளைத் தள்ளினார். பதினைந்து வருடமாக அந்த ஸ்டாண்டைத் தவிர்ப்பதற்காகவே மேற்குப் பக்கம் போய் விட்டுவிட்டு, பாலம் ஏறி இறங்கி வருகிறவர். குப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து தகர வில்லைகளை நூலில் கோர்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, ஆச்சரியப்படாமல் ஒரு வில்லையை நீட்டினான்.

"என் பையன்கிட்ட நீ சொன்னியாப்பா?" என்றார் ஏசுபாதம். கேட்டதுமே தனக்கே அருவருப்பாக இருந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து வந்து கேட்கிற முதல் கேள்வி இதுவா?

"நான் எங்க சொன்னேன்? அவன்தான் வந்தான். இத்தினியூண்டு பையன், தோள்ல ஸ்கூல் பை. 'மாமா, நீ வால்வு திருடுனியா? எங்கப்பா கொடி கட்டுன அதே தொட்டியிலயா? அதே நாள்லயா?'ன்னு கேட்டான். கொழந்தை கைல இன்னா பொய் சொல்றது? சொல்லிட்டு, வெளிய சொல்லாதடா, உங்கப்பனுக்குப் பேஜாராயிடும்னேன். அவனும் சொல்லல இல்ல?"

"இன்னிக்கு மீட்டிங்குக்கு வர்றியா?"

"நான் எங்க வர்றது, மேடையே ஸ்டாண்டுக்கு எதிர்லதான போடுறானுங்க. வருசா வருசம் கேட்டுகினுதான் கீறேன். தொட்டிதான் ஒசந்துகினே போவுது. நான் ஏறும்போது நாப்பதடிதான் இருந்துச்சு." குப்பன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், குத்தலாக இல்லை. அதைத்தான் ஏசுபாதத்தால் தாங்க முடியவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என் சட்டை இன்னா ஆச்சு? மஞ்சக் கோடு போட்டது. தங்கச்சி கண்ணாலத்துக்கு எடுத்தது, ரெண்டே தபாதான் போட்டேன்."

"தெரியலப்பா," என்றார் ஏசுபாதம். "எங்கயோ விழுந்துடுச்சு."

மாலையில் கூட்டம் எதிர்பார்த்ததற்கு மேல். ட்யூப் லைட்டும் ஸ்பீக்கரும் கட்டியிருந்தார்கள், பஸ்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. அவருக்குப் போட்ட சால்வையில் பிளாஸ்டிக் உறை வாசனை போகவில்லை. மைக்கின் முன்னால் நின்றபோது எதிரே ஸ்டாண்டு விளக்கில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். குப்பன் ஸ்டூலில். பக்கத்தில், ஒரு சைக்கிள் கேரியரில் சாய்ந்துகொண்டு தனசிங்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மேடை ஏறினார். அதில் பொய் இல்லை. மத்தியானம் ஸ்டோர்ஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தார். முன்னுரையைச் சுருக்கிக்கொண்டார். "அந்த விடியற்காலையில்," என்றார். குரல் நன்றாகத்தான் வந்தது. "அந்தத் தண்ணித்தொட்டியின் உச்சியில் ஏறிக் கறுப்புக் கொடி கட்டிய அந்த இளைஞன்... அவன் யார் தெரியுமா?"

நிறுத்தினார். அந்தப் பெயருக்காக மூச்சை இழுத்தார். கூட்டம் அதை மேடைப் பேச்சின் நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "எங்கள் அண்ணன் தண்ணித்தொட்டி!" என்று கத்தினான். விசில் பறந்தது. கை தட்டல் எழுந்து, அடங்காமல் நீண்டது. தலைமை தாங்கியவர் எழுந்து அவர் தோளைத் தட்டினார். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. அவர் சிரித்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஹாஸ்டலில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு, "தொண்ணூறு அடி, தோழர்களே!" என்று அவர் வாய் சொல்வது ஸ்பீக்கரில் கேட்டது.

தனசிங் சைக்கிளை எடுத்தான். குப்பனிடம் என்னவோ சொன்னான். குப்பன் அவன் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், ஸ்டூலிலிருந்து எழுந்துகூட நின்றான். அதற்குள் பையன் கூட்டத்தின் ஓரமாகப் போய்விட்டான். அன்று இரவு அவன் வீட்டுக்கு வரவில்லை. பேபி அவருக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டுல ஒரு சால்வை மிச்சம் இருக்காது," என்று மட்டும் சொன்னாள்.

காலையில் பள்ளிக்கூடங்களில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் கொடி குத்திய பிள்ளைகள் ஆரஞ்சு மிட்டாயைச் சப்பிக்கொண்டு எதிரே வந்தார்கள். ஏசுபாதம் முடிச்சூர் ரோட்டில் சைக்கிளை மிதித்தார். மூச்சு இரைத்தது. வெட்கமாக இருந்தது, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதுகூட வெட்கமாக இருந்தது.

குவாரிக்கரையில் ஐம்பது அறுபது பையன்கள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். இரண்டாம் மாடியைத் தாண்டி தனசிங் ஏறிக்கொண்டிருந்தான். உச்சிக்குப் போனதும் திரும்பினான். அப்பாவைப் பார்த்துவிட்டான். பிறகு சட்டையைக் கழற்றி, பாறையில் நின்ற ஒருவனிடம் எறிந்து, கீழே கையைக் காட்டி ஏதோ சொன்னான். அந்தப் பையன் தடதடவென்று இறங்கி வந்தான்.

"அங்கிள், இத உங்க கைல குடுக்கச் சொன்னான்."

நீலச் சட்டை, கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. வியர்வையில் இன்னும் சூடாக இருந்தது. தன் கால்களை ஏசுபாதத்துக்குத் தெரியும். அவற்றை நம்பாமல் அங்கேயே சரளைக்கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேலே தனசிங் விளிம்புக்கு வந்து, கால்விரல்களால் பாறையைப் பிடித்து நின்றான்.

"ஏறுனது குப்பன்!" என்று கத்தினார் ஏசுபாதம். தொண்டை கிழிந்தது. "நான் இல்ல! குப்பன்தான் ஏறுனான்! நான் ஓடிட்டேன்!"

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாடா சொல்லுது பெருசு? யாரு குப்பன்?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் களுக்கென்று சிரித்தான். அவர்களில் ஒருவனுக்கும் அந்தத் தொட்டியைத் தெரியாது. எண்பத்திரண்டிலேயே அதை இடித்துவிட்டார்கள்.

தனசிங் குதிக்கவும் இல்லை, பின்னால் நகரவும் இல்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் குனிந்தான்.

"இன்னாது? கேக்கல!" என்று மேலேயிருந்து வந்தது.

ஏசுபாதம் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடியும் வாயைத் திறந்தார்.