அன்ன ஏரிக்கு அடுத்தது

"ஹெலியை விட்டுடலாம்" என்றார் உர்ஹோ சித்தப்பா. "பாதி வழியில அவளுக்கு அது வந்துடுச்சுன்னா பெட்டி என்னாகும்?"

மெர்யா அப்போது வெள்ளைத் துணிப்பட்டையைத் தோளில் மாட்டி நீளம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் பக்கத்து அறையில் ஆறு பேரும் நின்றிருந்தார்கள். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கவும், குழியில் இறக்கவும் அந்தப் பட்டைகள்தான். தலைமாட்டில் தானும் தங்கை ஹெலியும், நடுவில் சித்தப்பாவும் மெர்யாவின் கணவன் யோர்மாவும், கால்மாட்டில் அப்பாவோடு மரலாரி ஓட்டிய இரண்டு கிழவர்கள் என்று மெர்யாதான் இடம் பிரித்திருந்தாள்.

"நான் தூக்குவேன் சித்தப்பா" என்றாள் ஹெலி.

"தூக்குவே, யாரு இல்லைன்னா? மூச்சு சரியா வருதா? முகமே வெளுத்துக் கெடக்கு. உக்காரு முதல்ல."

நாற்காலி வந்தது. ஜன்னல் திறந்தது. யோர்மா எங்கிருந்தோ ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடி வந்து மைத்துனியிடம் நீட்டினான். கட்டின பெண்டாட்டி இந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே அவன் கண்ணில் படவில்லை. மெர்யாவுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வாரமாகப் பெட்டிக்கு அலைந்தது, பாதிரியாரைப் பார்த்தது, மலர்வளையத்துக்குச் சொன்னது, வருகிறவர்களுக்குக் காபியும் சால்மன் ரொட்டியும் ஏற்பாடு செய்தது, எல்லாம் அவள். தண்ணீர் குடித்தாயா என்று அவளைக் கேட்க ஒரு நாதி இல்லை. கேட்டிருந்தால் 'ஆச்சு' என்றுதான் சொல்லியிருப்பாள். அது வேறு விஷயம்.

எப்போதும் இப்படித்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில், பதினேழு வயதில், ஹெலிக்கு முதல்முறை அது வந்தது. நெஞ்சு அடைத்து, விரல்கள் மரத்து, செத்துவிடப் போகிறேன் என்று அலறினாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தால் இதயம் கல்லுக்குண்டாக இருந்தது. அதற்கப்புறம் எத்தனை முறையோ. அப்பா லாரியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஓடுவார். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து ஏலக்காய் பன் தின்றுவிட்டு வருவார்கள். ஹெலியின் கோட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகளை மெர்யா பார்த்திருக்கிறாள்.

நர்ஸ் படிப்பு படிக்கையில் மெர்யா பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தானே பஸ் ஏறிப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். போனில் சொன்னபோது அப்பா, "நீ கெட்டிக்காரி, சமாளிச்சுக்குவே" என்றார். அந்தப் பாராட்டை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பயம் ஹெலியின் உடம்பைச் சும்மா விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தூக்கத்தில் நறநறத்தே கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோயின. எதைத் தின்றாலும் வயிறு புரட்டும். நாற்பது வயதில் பிரஷர் மாத்திரை. லிஃப்டில் ஏறமாட்டாள், கூட்டத்துக்குப் போகமாட்டாள். நர்ஸ் மெர்யாவுக்கு இதெல்லாம் புரியும். அக்கா மெர்யாவுக்குத்தான் புரியாது.

"எல்லாரும் உள்ள போங்க" என்றாள் மெர்யா. "நான் இவளைக் கூட்டிட்டு வர்றேன்."

ஆண்கள் நால்வரும் தொப்பிகளை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. இரண்டு வாரமாக அவள் தொண்டையில் நின்ற முள் ஒன்று இருந்தது. விறகுக்கொட்டகையில் அடுக்கிய விறகில் சாய்ந்தபடி செத்துக்கிடந்த அப்பாவின் மடியில் போன் இருந்தது. கடைசியாக அவர் கூப்பிட்டது ஹெலியை. வெகுநேரம் பேசியிருக்கிறார். ஹெலி இருப்பதோ தலைநகரில், ரயிலில் அரைநாள் தூரம். மெர்யாவின் வீடு அடுத்த தெரு. ஹெலியே சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஹெலி வாயே திறக்கவில்லை.

"கடைசியா உன்கிட்டதான் பேசியிருக்காரு."

ஹெலி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "உனக்குத் தெரியும்னு தெரியும்க்கா."

"என்ன பேசினாரு?"

"வந்துடுச்சுன்னாரு."

"எது?"

"அதான். எனக்கு வர்றது."

"அப்பாவுக்கா?"

"எனக்கு முன்னாடியே அவருக்கு உண்டு. லாரி ஓட்ட ஆரம்பிச்ச காலத்துல இருந்தே. வெளிய தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கன்னு அம்மாகிட்டகூட சொல்லலை. வயித்துப்புண்ணு, பிரஷர், ராத்திரி தூங்காம தச்சு வேலை பார்த்தது, எல்லாம் அதாலதான். எனக்கு முதல்ல வந்தப்ப ஆஸ்பத்திரி கேண்டீன்ல வெச்சுச் சொன்னாரு. பயப்படாதே, இதுல யாரும் சாகறதில்லைன்னாரு."

மெர்யா பட்டையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் பிரஷர் பார்த்திருக்கிறாள். அப்பா மட்டும் அவளிடம் கையை நீட்டியதில்லை. லாரிக்காரன் குடிக்கிற கருங்காபியால் வந்த வயிற்றுப்புண் என்று நினைத்து வருடக்கணக்காக மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு பன் தின்றிருக்கிறார்கள்.

"அன்னிக்கு என்ன சொன்னாரு, அதைச் சொல்லு."

"நெஞ்சை இறுக்குது, கை வேற வலிக்குதுன்னாரு." ஹெலியின் குரல் இறங்கியது. "எனக்கும் அப்பிடித்தான் வலிக்கும்பா, போயிடும்னேன். அவரு என்கிட்ட சொல்றதைத்தான் நான் அவர்கிட்ட சொன்னேன். ஏரி சொல்லுவோமான்னு கேட்டேன்."

"என்ன ஏரி?"

"காகித ஆலைக்குப் போற வழியில இருக்கிற ஏரிங்க. அது வந்துச்சுன்னா வரிசையா சொல்லுவோம். அவரு ஒண்ணு, நான் ஒண்ணு. நெட்டேரி, கருங்குட்டை, நாரையேரி..."

"அது என்னோடது" என்றாள் மெர்யா.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. ஐம்பதைத் தாண்டியவள், பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி நிற்கிறாள். ஆனால் அது அவளுடையதுதான். ஐந்து வயதில், ஹெலி தொட்டிலைவிட்டு இறங்காத காலத்தில், அப்பா அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். காட்டுச் சாலையின் ஓரத்தில் லாரியை நிறுத்துவார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், வெளியே பனி கொட்டும். "மெர்யா, நெட்டேரிக்கு அப்புறம் எது?" என்று கேட்பார். அவள் சொல்லுவாள். "அப்புறம்?" என்பார். அவ்வளவு பெரிய லாரியை, அவ்வளவு மரத்தோடு, தன்னோடு விளையாடுவதற்காகவே நிறுத்துகிறார் என்ற பெருமையில் அவளுக்குத் தலை கால் புரியாது. ஹெலிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, இந்த ஒன்று மட்டும் எனக்கு என்று இத்தனை வருடம் பொத்தி வைத்திருந்தாள்.

"அன்ன ஏரி வரைக்கும் சொன்னாரு" என்றாள் ஹெலி. "அடுத்தது என் முறை. சொன்னேன். பதில் இல்ல. அடங்கினதும் எப்பவுமே அசந்து தூங்கிடுவாரு. அப்பிடித்தான்னு நினைச்சு சத்தமில்லாம போனை வெச்சுட்டேன்."

மெர்யாவின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. என்னைக் கூப்பிட்டிருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பாரு. உண்மையான வாக்கியம். கை வலிக்கிறது என்ற வார்த்தை போதும், செருப்புப் போடாமல் ஓடியிருப்பாள். அதைச் சொன்னால் தங்கை அதற்கப்புறம் எழுந்திருக்க மாட்டாள் என்றும் தெரிந்தது. அந்த அளவுக்கு ஒரு பலம் தன் கையில் இருப்பது அவளுக்கு இதுதான் முதல்முறை. அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"சொல்லிடுக்கா" என்றாள் ஹெலி. "நீ சொல்லுவேன்னுதான் ரெண்டு வாரமா காத்துக்கிட்டிருக்கேன்."

கதவு திறந்தது. ஆலயப் பணியாள் தலையை நீட்டி, நேரமாகிவிட்டது என்றான்.

சடங்கு தன் பாட்டுக்கு நடந்தது. முறைப்படி முதலில் மகள்கள் இருவரும் பெட்டியருகே போனார்கள். மலர்வளையத்தின் நாடாவில் இருந்த வரியை மெர்யா உரக்கப் படித்தாள்: 'வழி முடிந்தது, ஓய்வெடுங்கள் அப்பா.' குரல் பிசிறவில்லை. பின்வரிசையில் யாரோ, "மூத்தவ கெட்டிக்காரி" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

பெட்டியைத் தூக்கி வெளியே வந்தார்கள். அக்டோபர் மாதத்து மழை தூறலாக இருந்தது. நனைந்த பிர்ச் மரத்து இலைகள் பாதையில் ஒட்டிக்கிடந்தன. ஹெலி நன்றாகத்தான் நடந்தாள். குழியின் உட்பக்கம் முழுக்கப் பச்சை ஊசியிலைக் கிளைகள் வைத்து மறைத்திருந்தார்கள். பெட்டியைக் குறுக்குச் சட்டங்கள் மேல் வைத்தார்கள். தோளில் கிடந்த பட்டையைக் கழற்றி ஆளுக்கொரு நுனியாகக் கையில் சுற்றிக்கொண்டார்கள். பணியாள் சட்டங்களை உருவிக்கொண்டு தலையசைத்தான். பாரம் ஆறு பேர் கைக்கும் வந்தது. மெல்ல விடத் தொடங்கினார்கள்.

ஒரு முழம் இறங்கியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஹெலியின் தோள்கள் மேலேறின. வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. கண்கள் எதையும் பார்க்கவில்லை. பட்டை அவள் விரல்களில் விறுக்கென்று ஒரு சாண் வழுக்கியது. பெட்டியின் தலைமாடு அந்தப் பக்கம் சாய்ந்தது.

"நான் சொன்னேன்ல" என்று சித்தப்பா பல்லைக் கடித்தார்.

மெர்யா தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்தாள். அந்த வாக்கியம் இன்னும் நாக்கிலேயே இருந்தது. இப்போது ஹெலி கையை விட்டால் ஊரே அவளைச் சுற்றிக்கொள்ளும். நாற்காலி வரும், தண்ணீர் வரும், அப்பாவைக் கடைசியாக விட்டுவிட்டவளும் அவளாகவே இருப்பாள். மெர்யா வாயைத் திறந்தாள். எது வரப்போகிறதென்று அவளுக்கே தெரியாது.

"நெட்டேரி" என்றாள்.

யோர்மா அவளைத் திரும்பிப் பார்த்தான். பாதிரியார் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"ஹெலி. நெட்டேரி. அடுத்தது எது?"

ஹெலியின் உதடுகள் அசைந்தன. "கருங்குட்டை."

"நாரையேரி."

"கல்லேரி." விரல்கள் பட்டையை மறுபடி பற்றின. பெட்டி நேரானது. கால்மாட்டில் நின்ற கிழவர்களுக்கு அந்தச் சாலை தெரியும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏரிக்கு ஒரு பிடியாகப் பட்டையை விட்டார்கள்.

"அன்ன ஏரி" என்றாள் மெர்யா.

அடுத்தது ஹெலியின் முறை. அவளால் அதற்கு மேல் போக முடியாது என்பது மெர்யாவுக்குப் புரிந்தது. பட்டை மெர்யாவின் உள்ளங்கையை அறுத்தது. ஈரமாக இருந்தது. அந்த ஈரம் அவளுக்குப் பழக்கமானது. ஓடுகிற எஞ்சின், கண்ணாடியில் பனி, அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடி, வெளுத்துப்போன முட்டிகள். குளிர்காலத்தில் அவர் கழுத்திலிருந்து வழிந்த வியர்வை. அதைத் தன் கம்பளிக் கையுறையால் துடைத்துவிட்டிருக்கிறாள். "அப்புறம் எது மெர்யா? சொல்லு. நிறுத்தாதே" என்று அவர் கேட்ட குரல். விளையாடுகிற குரலா அது?

"மணலேரி" என்றாள் மெர்யா. சத்தம் சரியாக வரவில்லை. பெட்டியைப் பார்த்து மறுபடி, "மணலேரிப்பா" என்றாள்.

பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது. ஆறு பேரும் பட்டையை விட்டார்கள். வெள்ளைத் துணிகள் பச்சைக் கிளைகளை உரசிக்கொண்டு உள்ளே இறங்கின.

சபைக் கூடத்தில் காபி மணத்தது. சால்மன் ரொட்டி நன்றாக இருக்கிறதென்று பேசிக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாக்கியத்தை மெர்யா சொல்லவில்லை. ஹெலியும் கேட்கவில்லை. இனிமேல் சொல்லமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

உர்ஹோ சித்தப்பா காபிக் குடுவையோடு வந்து குனிந்தார். "ஹெலி, இப்ப எப்பிடி இருக்கு? படுத்துக்கிறியா கொஞ்ச நேரம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல சித்தப்பா" என்றாள் ஹெலி. "அக்காவைக் கேளுங்க."

சித்தப்பா மெர்யாவின் பக்கம் திரும்பினார். அவளை என்னவென்று கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் கேட்டுப் பழக்கமில்லை. குடுவையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மெர்யா, உனக்கு... காபி இருக்கா?"

"இருக்கு சித்தப்பா" என்றாள் அவள், வழக்கம்போல.

ஹெலி கையை நீட்டி, அக்காவின் காலிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். சித்தப்பா விளிம்புவரை ஊற்றினார். மெர்யா அதை எடுக்கப் பார்த்தாள். கோப்பை தட்டில் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சூடு ஆறும்வரை அப்படியே வைத்திருந்தாள்.