வண்டியில் தொங்கிய கைப்பட்டைகள்

நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்தால்தான் கணினி மருந்து கொடுக்க விடும். வடக்கு பின்லாந்தில் எங்கள் பழைய வார்டின் கதவுகளிலோ கணினியும் ஸ்கேனரும் பொருத்திய மருந்து வண்டி நுழையாது. அதனால் எல்லாப் பட்டைக்கும் நகல் எடுத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருந்தோம். மேலதிகாரிகள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள்.

மதியம் என் சக நர்ஸ் ஐலா காபியோடு உட்கார்ந்தாள்.

"வெய்க்கோ தாத்தாவுக்கு இன்சுலின் போட்டாச்சு. நல்ல தூக்கம், எழுப்பல."

"என்னடி உளர்ற? அவரு காலையிலயே போயிட்டாரே! டாக்டர் இன்னும் சாவ கணினியில பதியல, அவ்வளவுதான். அந்தக் கட்டில்ல இருக்கிறது சர்க்கரை நோயே இல்லாத புது ஆளு."

"வண்டியில தொங்குன அவரு பட்டைய ஸ்கேன் பண்ணேனே, பச்சை விழுந்துச்சே!"

இருவரும் ஓடினோம். எவ்வளவு உலுக்கியும் புது ஆள் கண் திறக்கவில்லை. கணினியில், செத்துப்போன வெய்க்கோவுக்கு எல்லாம் சரியாகவே கொடுக்கப்பட்டிருந்தது.