சுண்ணாம்பு அடித்த கோல்ஃப் பந்துகள்

1

ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்: “உங்க விழுப்புரம் பக்கத்து மண்வாசனையோட ஒரு கதை குடுங்களேன்.” எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவளிடம் மண்ணைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இது. கோல்ஃப் பந்து பற்றி எழுதுகிறேன். மோந்து பார்த்துக்கொள்ளட்டும்.

2

மார்கழிப் பனியில் திண்டிவனம் மெல்லக் கண்விழித்தபோது கிருஷ்ணவேணி...

வேண்டாம். ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிற ஊர். தூங்கினால்தானே கண்விழிக்க?

நேராகவே சொல்கிறேன். வருஷம் எண்பத்தாறு. அரங்கநாதன், ஊட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு திண்டிவனத்தில், விழுப்புரத்தில் சொந்தப் பள்ளிக்கூடம். அவர் வீட்டில் பெருக்கித் துடைப்பவள் முனியம்மாள். அவள் மகள் கிருஷ்ணவேணி, பி.எஸ்சி. இயற்பியல். “பொங்கல் கழிச்சு ஸ்கூல்ல வேலைக்கு வந்து சேந்துக்கோம்மா” என்று அவர் வாயால் சொல்லியிருக்கிறார். வாயால் மட்டும்.

3

கூடத்தில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் அவருடைய பழைய கோல்ஃப் பந்துகளும், மெட்ராஸ் நண்பர் வெங்கடாசலம் கொடுத்த புதுப் பந்துகளும் கலந்து கிடக்கும். பழையவை மஞ்சள் பாரித்தவை. புதியவை பளீர் வெள்ளை. வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடக்கும்.

“பழசுல மேல்தோல் அவ்ளோ மெத்து, நகம் பட்டா பதியும். உள்ள முழுக்க ரப்பர் நூல் சுத்தியிருக்கும். தப்பா அடிச்சா வாய் பொளந்து சிரிக்கும். இப்ப வர்றது வெறும் கட்டி ரப்பர். என்ன அடி அடிச்சாலும் ஒரு தழும்பு விழாது. உசுரில்லாத பந்து.”

(அடிப்பவருக்குத் தழும்பு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அடித்த திருப்தி இல்லை. இதைக் கட்டுரையாக இழுக்கலாம். இழுக்கவில்லை.)

4

பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தார்கள். வாளியில் சுண்ணாம்பு மீந்தது. முனியம்மாள் பித்தளைத் தட்டைப் பார்த்தாள். பாதிப் பந்து அழுக்கு. எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, திரும்ப அடுக்கிவிட்டாள்.

(ரப்பரில் சுண்ணாம்பு ஒட்டுமா என்று கேட்பவர்களுக்கு: வஜ்ஜிரப் பசை கலந்த சுண்ணாம்பு. கழுவினாலும் சட்டென்று போகாது. பந்தின் மேலிருக்கும் சின்னக் குழிகள்கூட அடைபட்டுப் போயின.)

பொங்கலன்று வெங்கடாசலம் வந்திருந்தார். கிருஷ்ணவேணி, அம்மாவுக்கு ஒத்தாசையாகக் காபி கொண்டுவந்தாள். அரங்கநாதன் தட்டைப் பார்த்தார்.

“யாரு பண்ண வேல இது?”

“நாந்தாங்க ஐயா. அழுக்கேறிக் கெடந்திச்சு. நல்ல நாளும் அதுவுமா அப்பிடியே உட்டா நல்லாவாங்க இருக்கும்?”

வெங்கடாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். “போச்சு. இனிமே உனக்கே எது பழசுன்னு தெரியாது.”

“அறிவுகெட்ட ஜென்மங்கள உள்ள விட்டா இப்டித்தான்” என்றார் அரங்கநாதன். “ஆனா எனக்கா தெரியாது? கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்.” ஒன்றை எடுத்து உருட்டினார். கன்னத்தில் வைத்துக்கொண்டார். முகம் கனிந்தது. “இதான். பழசு பழசுதான்யா. கைக்குள்ள வந்ததும் பேசுது பாரு.”

“அறுத்துக் காட்டு. உள்ள நூல் இருந்தா ஒத்துக்கறேன்.”

“நீதான் சயின்ஸ் படிச்சவளாச்சே, அறும்மா” என்று அரங்கநாதன் பந்தையும் பேனாக்கத்தியையும் கிருஷ்ணவேணியிடம் நீட்டினார்.

சுண்ணாம்பு பெயர்ந்திருந்த ஓர் ஓரத்தில் அவள் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். பதியவில்லை. இன்னும் அழுத்தினாள். நகம்தான் மடங்கியது.

புதுப் பந்து.

5

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம். இவ்வளவு யோசிக்கிறாளே? நானாக இருந்தால் அந்த ‘ஜென்மங்கள்’ காதில் விழுந்ததுமே அறுத்துப் போட்டிருப்பேன். எனக்கு இன்னும் வேலை கிடைக்காததற்கும் அதுதான் காரணமாம்.

முடிவு (அ): அறுக்கிறாள். கட்டி ரப்பர். வெங்கடாசலம் சிரிக்கிறார். வேலை போகிறது.

முடிவு (ஆ): “பழசுதான் சார். எதுக்கு அறுத்து வீணாக்கணும்?” என்கிறாள். வேலை கிடைக்கிறது. தினமும் விழுப்புரம் ரயிலில் உட்கார்ந்துகொண்டு அவள் —

எழுத முடியவில்லை. முனியம்மாள் குறுக்கே வந்துவிட்டாள்.

“ஏம்மா, நீ ரோசமா எழுதணும்னு எம் பொண்ணு வேலைய தொலைக்கணுமா?”

“உன்னைத் திட்டினாரே.”

“திட்டு என்ன புதுசா? நானே வாங்கிக்கினு சும்மா இருக்கேன், உனுக்கு இன்னா பேஜாரு?”

“அப்போ பொய் சொல்லச் சொல்றியா?”

முனியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பார்த்தாள். “அவ இன்னா பண்ணாலும் சரி. அது அவளே பண்ணதா இருக்கணும். நீ கைய எடு.”

6

எடுத்துவிட்டேன். கூடத்தில் இரண்டு ஆண்கள் காத்திருக்கிறார்கள். காபி ஆடை கட்டுகிறது. கிருஷ்ணவேணி கத்தியைத் திறந்துவிட்டாள்; இன்னும் பந்தில் வைக்கவில்லை.

வாசிக்கிறவர்கள் சிலர் ‘அறு, அறு’ என்று பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. சொல்லுங்கள், அவளிடமே சொல்லுங்கள். ஆனால் ஒன்று, பொங்கல் கழித்து வேலைக்குப் போக வேண்டியது நீங்கள் இல்லை.