அக்கா மேகத்தில் நடக்கிறாள்

1

இந்தக் கதை அக்காவின் ஒரு வாக்கியத்திலிருந்து நான் திருடியது. “தரையில நடக்கிற மாதிரியே இல்லடா. மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கு.” கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளன் தம்பியாக வாய்த்தது அவள் தலைவிதி.

2

முதல் தொடக்கம்: மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில், பாதம் தரையில் படாமல், அவள் வெளிச்சத்தின்மேல்...

(விட்டுவிட்டேன். ஏனென்று மூன்றில் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்: புற்றுநோய்க்கு இருந்த மருந்தெல்லாம் அக்காவிடம் தோற்றுவிட்டது. மிச்சமிருந்தது, இதுவரை மனிதர் யாருக்கும் கொடுத்திராத ஒரு புது மருந்து. முதல் மூன்று பேருக்குக் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள். அவர்கள் தாங்கினால் அடுத்த மூவருக்கு டோஸைக் கூட்டுவார்கள். அக்கா முதல் மூவரில் ஒருத்தி.

[கட்டுரை வாடை அடிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் கதை நகராது.]

3

மேகம் கவிதை இல்லை. அவளுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கிறது. விரல்களும்தான். மருந்தின் வேலை.

நர்ஸ் கேட்டபோது, “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்” என்றாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“சொல்லிடாதடா. சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. எனக்கு வேற என்ன இருக்கு?”

எனக்குப் பயமாக இருந்தது. தலையாட்டினேன்.

4

அடுத்த மூவரில் ஒருவர் தொப்பிக்காரர். முடி கொட்டியதிலிருந்து கம்பளித் தொப்பிதான். காத்திருக்கும் அறையில் அக்காவைச் சிரிக்க வைக்கும் ஒரே ஆள். “நீங்க முதல்ல ருசி பாருங்கம்மா. உப்பு சரியா இருந்தா நான் சாப்பிடுறேன்” என்பார். அக்காவின் ‘நல்லா இருக்கேன்’ஐ நம்பி, நாளை அவருக்குக் கூடுதல் டோஸ்.

இன்று அவர் அக்காவுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தாளைப் பிரிக்கப் பார்த்தாள். விரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

“குடுங்க, நான் பிரிச்சுத் தரேன்” என்று வாங்கியவர், அவள் விரல்களையே பார்த்தார்.

“உண்மையச் சொல்லுங்கம்மா. உப்பு சரியா இருக்கா?”

5

முடிவு ஒன்று: “குளிருதுங்க, அதான் விரல் விறைச்சுப் போச்சு” என்று சிரிக்கிறாள். அவர் நம்பிவிடுகிறார்.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் அக்கா

[இதை என்னால் முடிக்க முடியவில்லை. என் அக்கா.]

நான் எழுதாதவரை தொப்பிக்காரர் மிட்டாயைப் பிரித்துக்கொண்டேதான் இருப்பார். அறை முழுக்க அந்தத் தாளின் மெல்லிய சரசரப்பு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் ஆசை.

ஆனால் நீங்கள் கடைசி வரிக்கு வந்துவிட்டீர்கள். தாள் பிரிந்துவிட்டது. பதில் சொல்லுமுன் அக்கா நிமிர்கிறாள். என்னைப் பார்க்கமாட்டாள், நான் ஏற்கெனவே தலையாட்டியவன். உங்களைப் பார்க்கிறாள்.